பிடித்த புத்தகத்தைக் கேட்காதீர்கள், இப்போது வாசிப்பதைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாசிப்புப் பழக்கம் செத்துக்கொண்டிருக்கிறது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். அதற்குப் பக்கத்திலேயே ஒரு கட்டம் போட்டு, நாலு பிரமுகர்களின் படத்தோடு அவர்களுக்குப் பிடித்த புத்தகங்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் இருந்த பெயர்களை நான் பல வருடமாக எல்லாப் பத்திரிகைகளிலும் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆட்கள் மாறுகிறார்களே தவிர புத்தகம் மாறுவதில்லை. கட்டுரை எழுதியவரிடம் எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. யாரும் வாசிப்பதில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் யாரைக் கேட்டீர்கள்?

மதுரை சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு சந்துக்குள் பைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. முன்பக்கம் ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் எல்லாம் உண்டு, வருமானம் அதில்தான். உள்ளே கட்டிங் மெஷின், பிரஸ், பசைச் சட்டி, மூலையில் சுருட்டி வைத்த காலிகோ துணி. ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களும் புத்தகம் பைண்டு பண்ண வருகிறவர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்து காத்திருப்பார்கள். அதனால் யார் எதை வாசிக்கிறார்கள் என்பது எனக்குத் தேடிப் போகாமலே தெரிந்துவிடும்.

புத்தகத்தை வாங்குவது வேறு, வாசிப்பது வேறு. பைண்டிங் வேலை பார்க்கிறவனுக்கு அது கண்ணுக்கு நேராகத் தெரியும். புத்தகத்தை மூடி, திறக்கிற பக்கத்து விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல் பட்டுப் பட்டு மங்கின இடம் ஒரு பட்டையாகத் தெரியும். சில புத்தகங்களில் அந்தப் பட்டை முதல் நாற்பது ஐம்பது பக்கத்தோடு நின்றுவிடும், அதற்கப்புறம் அச்சகத்திலிருந்து வந்த வெள்ளை அப்படியே இருக்கும். வாசித்தவர் நிறுத்திவிட்ட இடம் அதுதான், அட்டையில் எத்தனையாவது பதிப்பு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. கடைசி வரை ஒரே சீராக மங்கியிருந்தால் கீழே வைக்காமல் படித்திருக்கிறார். நடுவில் ஒரு இடம் மட்டும் கறுத்து, அங்கே திறந்தால் தானாகவே விரிந்து கொடுத்தால், அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார் என்று அர்த்தம். புத்தகத் திருவிழா முடிந்ததும் அதிகம் விற்ற புத்தகங்கள் என்று நீங்கள் போடுகிற பட்டியலை இந்த விளிம்பை வைத்துச் சரிபார்த்தால் பாதி நிற்காது.

சரி, இப்போது என் கடைப் பக்கம் என்ன ஓடுகிறது என்று சொல்கிறேன்.

பொன்னியின் செல்வனில் ஆரம்பிக்காமல் முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள், பிரமுகர்கள் பட்டியலிலும் அதுதான் முதலில் இருந்தது. ஆனால் இங்கே வருவது கடையில் வாங்கின ஐந்து பாக செட் அல்ல. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, கடைசியில் மொத்தமாக பைண்டு பண்ணி வைத்த வால்யூம்கள். மணியம் வரைந்த படங்களும் இருக்கும், பக்கத்துக்குப் பின்னால் அந்தக் காலத்து விளம்பரங்களும் இருக்கும். 2022-லும் 2023-லும் சினிமாவாக இரண்டு பாகம் வந்த பிறகு, பரணில் கிடந்த இந்த வால்யூம்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. செல்லூரிலிருந்து ஒரு அம்மா தன் மாமியார் சேர்த்து வைத்ததை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். தாள் அப்பளமாக நொறுங்குகிறது, ஊசி போட்டால் தாங்காது. டிஷ்யூ தாள் ஒட்டித்தான் ஒப்பேற்றினேன். ஊமைராணி வருகிற அத்தியாயங்கள்தான் அதில் அதிகம் தேய்ந்திருந்தன. அந்த மாமியாருக்கு வந்தியத்தேவனோ குந்தவையோ பெரிதாகப் படவில்லை போலிருக்கிறது. இப்போது அதைப் படிப்பது பேத்தி. படத்தைத் தியேட்டரில் பார்த்துவிட்டு, கதை எங்கெங்கே மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தவள், 'கொலைவாள்' வரைக்கும் வந்திருக்கிறாள். அம்மா அதைச் சொல்லும்போது புகார் மாதிரிதான் சொன்னார், கையெல்லாம் தூசி என்று.

தை மாதத்துக்கு முன்னால் என் கடையில் ஜல்லிக்கட்டுக் கூட்டம் இருக்கும். மாட்டுக்கு மருத்துவச் சான்று, டோக்கனுக்குப் பதிவு பண்ணின தாள், உரிமையாளர் ஆதார் என்று எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், லேமினேஷன். பாலமேட்டுப் பையன் ஒருவன் அப்படி வந்தவன், கரண்ட் போனதால் காத்திருக்க வேண்டியதாகிவிட்டது. மேஜை மேல் யாரோ பைண்டிங்குக்குக் கொடுத்த சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கிடந்தது. அட்டையைப் பார்த்து எடுத்தவன், கரண்ட் வந்து, ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் பண்ணி நான் கூப்பிட்டபோதும் நிமிரவில்லை. சின்ன நாவல்தான், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். செல்லப்பா நமக்குப் பக்கத்து வத்தலக்குண்டுக்காரர். பிச்சி என்பவன் தன் அப்பனைக் குத்திய காரி என்கிற காளையை அணைய, அதாவது பிடித்து அடக்க, வாடிவாசலில் வந்து நிற்கிறான், அந்த ஒரு நாள் கதை அவ்வளவுதான், ஜமீன்தார் கடைசியில் என்ன செய்கிறார் என்பதை நான் இங்கே உடைக்கப் போவதில்லை. பையன் முடித்துவிட்டுச் சொன்னது இதுதான்: "அண்ணே, எழுதுன ஆளு மாடு பாத்தவருதான்ணே. சும்மா எழுதல."

இதைவிடப் பெரிய மதிப்புரை எந்த இலக்கியப் பத்திரிகையிலும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே அவன் ஊர்ப் பையன்கள் வந்து அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள், பேராசிரியர் சொல்லியிருந்தால் திரும்பியே பார்த்திருக்க மாட்டார்கள். மாடு வளர்க்கிறவன் மாடு வளர்க்கிறவனிடம் சொன்னதால் எடுபட்டது. நான் இந்தக் கடிதத்தில் சொல்ல வருகிற விஷயமே இதுதான், ஆனால் இன்னும் கொஞ்சம் பேரைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

மேலூர் பக்கம், பெரியாறு கால்வாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற ஊர் ஒன்றிலிருந்து பெரியவர் ஒருவர் நிலப் பத்திரங்களை பைண்டு பண்ண வருவார். அவர் கையில் இப்போது சோ. தர்மனின் 'சூல்', 2019-இல் சாகித்ய அகாடமி வாங்கிய நாவல். உருளைக்குடிக் கண்மாயும் அதைச் சுற்றி வாழ்கிற ஜனங்களும்தான் கதை. பெரியவர் ஒரு நாளைக்கு மூன்று நாலு பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை. ஏன் ஐயா இவ்வளவு மெதுவா என்று கேட்டால், "படிச்சா எங்க கண்மாய் ஞாபகம் வந்துருதுப்பா, அங்கன போயிருது மனசு" என்றார். மடை யார் திறப்பது, குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் எப்படி வந்தார்கள், கரையில் என்ன மரம் வைத்தார்கள் என்று அவர் ஊர்க் கதையையும் நாவலையும் கலந்துதான் சொல்வார். எது தர்மன் எழுதினது, எது அவர் ஊரில் நடந்தது என்று எனக்குக் குழம்பிவிடும். புத்தகம் எங்கே முடிகிறது என்பதே அவருக்கு முக்கியமில்லை.

மேல மாசி வீதிப் பக்கம் ஏ.டி.எம். ஒன்றில் ராத்திரிக் காவலுக்கு இருக்கிறவர் படிப்பது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. ராக்காவல் பார்க்கிறவர் ராக்காவல் பற்றிய நாவல் படிக்கிறார் என்று நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற புத்தகம், 2011-க்கான சாகித்ய அகாடமி விருது அதற்குத்தான், 'அரவான்' சினிமா அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துப் பண்ணினதுதான். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துப் படிக்க முடியவில்லை, நடுவில் பிளந்துகொண்டு விட்டது என்று கொண்டுவந்தார். இரண்டாகப் பிரித்து இரண்டு வால்யூமாகப் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் ஒரு நாள் வந்து, கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடிக்கிற பகுதி வரைக்கும் வந்துவிட்டேன் என்றார். டியூட்டி முடிந்து விடிகாலையில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி வழியாகத்தான் சைக்கிளில் வீட்டுக்குப் போகிறார். அளவெடுத்த வெள்ளைக்காரர் பெயரும் இடிப்பு வேலையை நடத்திய மேஸ்திரி பெயரும்தான் அந்த வீதிகளுக்கு. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், எவன் மேஸ்திரின்னு யோசிச்சதே இல்லண்ணே என்றார். எனக்கும் அப்படித்தான்.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் வீட்டில் தாத்தா பினாங்கில் வட்டிக்கடையில் இருந்த கணக்கு நோட்டுகள் இருக்கின்றன. அதை பைண்டு பண்ண வந்தவரிடம் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பற்றி நான்தான் சொன்னேன். யுத்த காலத்து மெடான், பினாங்கு, வட்டிக்கடைப் பையன் பாண்டியன், நடுநடுவே அவன் நினைப்பில் வந்து போகிற நம் மதுரை. இந்தச் சிங்காரம் ஆசிரியர் அவர்களே, உங்கள் தொழில்காரர். சிங்கம்புணரியில் பிறந்து, மெடானுக்குப் போய்த் திரும்பி வந்து, இதே மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. அறையிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். எழுதினது இரண்டு நாவல். 'கடலுக்கு அப்பால்' 1959-இல், 'புயலிலே ஒரு தோணி' 1972-இல். 1997-இல் இறந்தார். அவர் இங்கே தெருவில் நடந்து போன காலத்தில் எத்தனை பேர் அவரிடம் போய் உங்கள் புத்தகத்தைப் படித்தேன் என்று சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தேவகோட்டைக்காரர் இப்போது இரண்டாம் தடவை படிக்கிறார். தாத்தா நோட்டில் இருக்கிற சில கணக்கு இப்போதுதான் புரிகிறது என்கிறார்.

இதெல்லாம் விருது வாங்கின, பெயர் வாங்கின புத்தகம். அதை மட்டும் சொன்னால் நானும் உங்கள் பிரமுகர் ஆகிவிடுவேன்.

என் கடைக்கு அதிகமாகத் தேய்ந்து வருவது ரமணிசந்திரனும் ராஜேஷ்குமாரும்தான். நான் ரசித்துப் படிக்கிற வகை இல்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் விளிம்பு பொய் சொல்லாது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரே புத்தகத்தைச் சுற்றில் விடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் பாதி, திருமங்கலம் பஸ்ஸில் மீதி. நாலைந்து மாத நாவலைச் சேர்த்து ஒரே வால்யூமாகப் போட்டுத் தரச் சொல்வார்கள், அட்டைப் படம் உள்ளே இருக்கட்டும், மேலே மட்டும் வெறும் காலிகோ போதும் என்பார்கள். மேலாளர் பார்த்தால் கணக்கு நோட்டு மாதிரி இருக்க வேண்டுமாம். புத்தகத்தைக் கையில் தொடாமல் செல்போனிலேயே தொடர்கதை படிக்கிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். போனில் படித்தால் அது வாசிப்பு இல்லையா? உங்கள் கட்டுரையில் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

நூலகம் முழுக்கப் போட்டித் தேர்வுப் பிள்ளைகள்தான், புத்தகம் படிக்கிறவன் எவனும் இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. சிம்மக்கல் நூலகத்திலும் சரி, 2023 ஜூலையில் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சரி, மேஜைக்கு மேஜை குரூப் நாலுக்கும் குரூப் இரண்டுக்கும் படிக்கிற பிள்ளைகள்தான். ஆனால் தேர்வுக்காகத் திறந்த புத்தகம் தேர்வோடு மூடிவிடும் என்று யார் சொன்னது? பழைய பாடநூல்களை ஸ்பைரல் போட வருகிற பையன் ஒருவன் இருக்கிறான், உசிலம்பட்டிப் பக்கம். பத்துப்பாட்டில் நீளமானது எது, மதுரைக்காஞ்சி, 782 அடி, பாடியவர் மாங்குடி மருதனார் என்று குறிப்பு எடுத்துப் படித்தவன், அந்த 782 அடியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று உரையோடு எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டான். நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடையும் ராத்திரிக் கடையும் வருகிற இடத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தைப் பக்கமும் காய்கறி லாரி இறங்குகிற பக்கமும் சுற்றிவிட்டு வந்திருக்கிறான். தேர்வுக்கு இதெல்லாம் வராதுடா என்றால், தெரியும்ணே என்கிறான். மார்க் பற்றி நான் கேட்கவில்லை.

அப்புறம் பெரிய எழுத்துப் புத்தகங்கள், அதாவது கொட்டை எழுத்தில் அச்சடித்த பழைய கதைப்பாட்டுகள். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை எல்லாம் இன்னும் ஓடுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் அங்கே போனால் கிடைக்கும், கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின பிறகு ஜனங்களுக்குத் தேடுவது கொஞ்சம் சிரமமாகிவிட்டது. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மருமகள் வந்தாள். மாமியாருக்குக் கண் போய்விட்டது, ஆனால் சாயங்காலம் அல்லி கதை கேட்டாக வேண்டும், அதனால் இவள் வாசித்துக் காட்டுகிறாள். மதுரையை ஆண்ட ராணி, ஆம்பளை வாடையே ஆகாது என்று இருந்தவள், அவளை அர்ச்சுனன் ஏமாற்றித் தாலி கட்டிவிடுகிறான். அந்த இடம் வரும்போதெல்லாம் கிழவி அர்ச்சுனனைத் திட்டுகிறாளாம், முதல் தடவை கேட்பது மாதிரி. மருமகளுக்கும் இப்போது பாதி மனப்பாடம். "எனக்கும் அவன் மேல கோவம்தாண்ணே" என்று சொல்லிக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். இவர்கள் இரண்டு பேரையும் உங்கள் கட்டுரை எந்தக் கணக்கில் சேர்க்கும்?

என் வீட்டிலும் ஒரு வாசகி உண்டு. வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு' தமிழில் வந்ததை ஒருவர் கடையில் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார், வீட்டுக்கு எடுத்துப் போனேன். அடுப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டே தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டு, என்னமோ ஏதோ என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த ஆடு பஷீர் எழுதின புத்தகத்தையே தின்றுவிடுகிற இடம். தின்றது 'பால்யகால சகி'யை. ஆட்டுக்குக் கதை பிடித்திருந்ததா என்பது பஷீருக்கு இருக்கிற கவலை, பைண்டிங் பசை வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்பது எனக்கு. மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க நாங்கள் மயில்துத்தம் போடுவோம், அது விஷம், ஆடு பிழைத்தது ஆச்சரியம்தான் என்று சொன்னேன். கதையைக் கதையா படிக்கத் தெரியாதா உங்களுக்கு என்று பேச்சு வாங்கினேன்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் மனிதன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்துதான் பதில் சொல்வான். திருக்குறள் என்பான், சத்திய சோதனை என்பான், எப்போதோ பள்ளிக்கூடத்தில் படித்த பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். இப்போது என்ன வாசிக்கிறாய், எத்தனாவது பக்கத்தில் இருக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள், பொய் சொல்வது கஷ்டம். தலைமாட்டில் கிடப்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது சமையல் புத்தகமாக இருக்கலாம், ஜாதகப் புத்தகமாக இருக்கலாம், டிராக்டர் ரிப்பேர் புத்தகமாகக்கூட இருக்கலாம், இருக்கட்டுமே.

ஞாயிறு இணைப்பில் பிரமுகர்கள் வருகிற அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தை வாசகர்களுக்குக் கொடுங்கள். பெயர் போட வேண்டியதில்லை. என்ன வேலை, எந்த ஊர், இப்போது கையில் என்ன புத்தகம், எந்த இடம் பிடித்தது, நாலு வரி. படித்து முடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வேண்டாம். பாதியில் நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்று எழுதினால் அதையும் போடுங்கள், அது மற்றவர்களுக்கு இன்னும் உபயோகம். இருநூறு பக்கம் தாண்டினால்தான் நாவல் எழுந்து நடக்கிறது என்று ஒரு ஆள் முன்கூட்டியே சொல்லியிருந்தால், நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோன விளிம்புகள் எத்தனையோ மேலே போயிருக்கும். மெட்ராஸில் இருக்கிற எழுத்தாளர்கள்தான் பரிந்துரைக்க வேண்டும் என்பதில்லை. பாலமேட்டுப் பையன் சொன்னால் பாலமேடு படிக்கும். நர்ஸ் சொன்னால் நர்ஸ் படிப்பார். தச்சு வேலை பார்க்கிறவர் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்வது இதுவரை உங்கள் பத்திரிகையில் ஒரு தடவையாவது வந்திருக்கிறதா?

நூலகர்களிடமும் இதைக் கேட்கலாம். புது வரவு என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள், சரி. கூடவே இந்த வாரம் ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது என்று நாலு தலைப்பு எழுதிப் போட்டால் என்ன செலவு? சுண்ணாம்புக் கட்டிதான். சுதந்திரம் வந்த பிறகு நாட்டிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1948-இல். இன்றைக்கும் வீட்டு வரி கட்டும்போது அதில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியாகச் சேர்ந்துதான் போகிறது. காசு கட்டிவிட்டோம், அந்தப் புத்தகங்களில் எது நன்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் இடம் இல்லை. வாசகசாலையில் பேசக் கூடாது, டீக்கடையில் அரசியல்தான், வீட்டில் சீரியல். பைண்டிங் கடைப் பெஞ்சை விட்டால் வேறு இடம் எனக்குத் தெரியவில்லை, அந்தப் பெஞ்சில் மூன்று பேர்தான் உட்கார முடியும்.

இதோடு சம்பந்தமில்லாத, ஆனால் என் வயிற்றெரிச்சலான ஒன்று. பதிப்பகத்தார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து கேளுங்கள். முன்பெல்லாம் பதினாறு பக்கம் மடித்து ஒரு ஃபாரம், ஃபாரம் ஃபாரமாக நூல் போட்டுத் தைத்திருக்கும். அட்டை போனாலும் உள்ளே அசையாது, நாங்கள் பிரித்துத் திரும்பத் தைத்துவிடுவோம். இப்போது மடிப்பை வெட்டித் தள்ளிவிட்டு முதுகில் சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். எண்ணூறு பக்க நாவல், சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஒரு நாள் இருந்தால் பசை இளகித் தாள் தாளாகக் கையோடு வரும். மடிப்பே இல்லாத ஒற்றைத் தாளை நான் எங்கே தைப்பது? பக்கவாட்டில் துளை போட்டு இழுத்துக் கட்ட வேண்டும், அப்படிக் கட்டினால் உள் ஓரத்து எழுத்து முதுகுக்குள் போய்விடும், படிக்கிறவர் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டும். விலை அறுநூறு, எழுநூறு என்று வைக்கிறீர்கள். நூல் போட முடியாவிட்டால் உள் ஓரத்திலாவது அரை அங்குலம் கூட விடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கடிதம் நீண்டுவிட்டது. குறைத்துப் போடுவதாக இருந்தால் நான் பசையைப் பற்றிப் புலம்பினதை எடுத்துவிடுங்கள், மருமகளையும் கிழவியையும் எடுக்காதீர்கள்.

கட்டம் ஆரம்பித்தால் முதல் பதில் என்னுடையதாக இருக்கட்டும். வேலை, பைண்டிங். ஊர், சிம்மக்கல். கையில் இருப்பது தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்'. இங்கே தியாகராசர் கல்லூரியில் பாடம் சொன்ன அதே தொ.ப.தான், 2020 டிசம்பரில் காலமானார். பல்கலைக்கழகத்துக்குச் செய்த ஆய்வு, 1989-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகமே புத்தகமாகப் போட்டது. ஆய்வு என்றதும் பயப்பட வேண்டாம். கள்ளர், இடையர், வலையர் என்று ஒவ்வொரு ஜனமும் அந்தக் கோயிலுக்கு எப்படிச் சொந்தம், பதினெட்டாம்படிக் கருப்பு அங்கே எப்படி நிற்கிறார், வர்ணிப்புப் பாட்டில் அழகர் மதுரைக்கு வருவதை ஜனங்கள் எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று போகிறது. சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வருகிற அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்குச் சின்ன வயதிலிருந்து போகிறவன் நான், துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் பக்கத்தில் நின்று சட்டை நனைந்திருக்கிறேன், ஆனால் அவர்கள் ஏன் அந்த வேஷத்தில் வருகிறார்கள் என்று யாரையும் கேட்டதில்லை. இப்போது பாதிக்கு மேல் வந்துவிட்டேன், கருப்பசாமி பகுதியை இன்னொரு தடவை படிக்க வேண்டும்.

புத்தகம் என்னுடையது இல்லை. பைண்டிங்குக்கு வந்தது, கொடுத்தவர் அவசரமில்லை என்றார். அவர் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார், ஆகவே ஏன் இன்னும் தயாராகவில்லை என்பது இதைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும். வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று இதன் மூலமே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பைண்டிங் கடைக்காரன்,
சிம்மக்கல், மதுரை-1